படிக்கட்டு மேடம்

எங்கள் அடுக்ககத்துக்குப் பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் இதுதான் நடக்கிறது. போன வாரம் லிஃப்டுக்காகக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். காபி டம்ளரோடு பின்பக்க பால்கனிக்கு வந்தபோது ஈர மணல் வாசனை வந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. கொஞ்சம் ஆழம் போனாலே மணல்தான். எட்டிப் பார்த்தேன். குழிக்குள்ளிருந்து ஒருவர் தலையை நிமிர்த்தி, "அம்மா, குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "மொதல்ல மேல வாங்க! மேல ஏறி வந்தாத்தான் தண்ணி!" என்று கத்தினேன். நன்றாக உரக்கவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டு வைதேகி மாமி கையில் பூத்தொடுக்கும் நாரோடு ஓடி வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படிக் கத்தறேள்? பாம்பா?"

"பாம்பு இல்ல மாமி. குழி."

மாமி எட்டிப் பார்த்தார். "குழியா? குழி என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். பாவம் அந்த மனிதர், தண்ணீருக்காக மேலே ஏறி வந்தார். பால்கனியிலிருந்து நான் நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் திரும்ப உள்ளே இறங்குவதைப் பார்க்க முடியாமல் நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாமி கேட்காமல் போன பதிலை உங்களிடம் சொல்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி. அதிலும், வாழ்க்கை முழுக்கக் குழிக்குள் இறங்கியே சம்பளம் வாங்கிய பயந்தாங்கொள்ளி. தொல்லியல்தான் என் தொழில். கல்வெட்டு, கோயில் என்று நம் ஊரில் மதிப்பாகச் சொல்லிக்கொள்ளும் பக்கம் போகவில்லை. கிரேக்க, ரோமானியப் பானைகள்தான் என் பாடம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கப்பலில் திராட்சை மது வந்து இறங்கிய ஜாடிகள். இரண்டு காது வைத்து, அடிப்பக்கம் கூராக இருக்கும். அவற்றின் உடைசல்களைப் பார்த்து இது எந்த ஊர் மண் என்று சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். "அதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று என் கணவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். காவிரிக் காற்றுக்கு ஆசைப்பட்டு இந்த வீட்டை வாங்கியவரும் அவர்தான்.

பயம் எனக்குப் பொன்மலையிலேயே ஆரம்பித்துவிட்டது. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பட்டறைச் சங்கு எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும். வேலைக்குப் போகும்போது ஊதும், சாப்பாட்டுக்கு ஊதும், விடும்போது ஊதும். இவை பழகின சத்தங்கள். நேரம் தவறி ஊதினால்தான் ஆபத்து. எல்லா வீட்டுப் பெண்களும் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுவார்கள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சங்கைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள். சாயங்காலம் அப்பா சைக்கிளில் எண்ணெய் வாசனையோடு வந்து இறங்குவார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் விளையாடப் போவேன்.

அப்பா கோயில் பாடகர் குழுவிலும் இருந்தார். கோயில் என்றால் எங்கள் சர்ச். வேதக்காரர்களாகிய நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பூசை எல்லாம் தமிழுக்கு மாறிய பிறகும் பெரிய திருநாட்களில் பழைய லத்தீன் பாட்டுகளைப் பாடுவார்கள். அப்பாவின் குரல் தனியாகத் தெரியும். ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"எனக்கு எங்க தெரியும்? சாமிக்குத் தெரியும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அர்த்தம் தெரியாமல் சாமியிடம் எதையாவது கேட்டுத் தொலைத்துவிட்டால்? கேட்டது கிடைத்துவிட்டால்? நான் லத்தீன் படித்த கதைக்கு ஊர் என்னென்னவோ பெருமையான காரணம் சொல்லும். உண்மையான காரணம் இந்தப் பயம்தான். கல்லூரி நூலகத்தில் யாரும் சீண்டாத ஓர் அலமாரி இருந்தது. அதிலிருந்த இலக்கணப் புத்தகங்களைத் தும்மிக்கொண்டே படித்தேன். அப்பா பாடியதில் ஆபத்தாக ஒன்றும் இல்லை. இரக்கம் வையும், சமாதானம் கொடும், அவ்வளவுதான். நிம்மதியாக இருந்தது. ஆனால் அதற்குள் அந்த மொழி பேசியவர்கள் நம் ஊருக்கே வந்து வியாபாரம் செய்தார்கள் என்று படித்துவிட்டேன். பிறகு விட முடியவில்லை.

இத்தாலிக்கும் போனேன். ஆராய்ச்சிக்காக, எரிமலைக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை. எல்லோரும் அழகு என்றார்கள். நான் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். எனக்கு அவர்கள் பேசும் மொழி தெரியாது, பழைய லத்தீன்தான் தெரியும். ரொட்டிக்கடையில் அதிலேயே கேட்டேன். கடைக்கார அம்மாள் என்னைக் கன்னியாஸ்திரீ என்று நினைத்துக்கொண்டு, தன் மகனுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி இன்னொரு ரொட்டியும் கொடுத்தார். வேண்டிக்கொள்ளவும் செய்தேன், ரொட்டியைச் சும்மா தின்னவும் பயம்.

அந்த எரிமலைப் பக்கத்துக் களிமண்ணில் கருமணல் கலந்திருக்கும். ஜாடி உடைந்த இடத்தில் மிளகுத்தூளைத் தூவியது போலத் தெரியும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறி ஊர் திரும்பினேன்.

திரும்பிய சில வருஷங்களில் உறையூர்ப் பக்கம் ஒரு மேட்டில் அகழாய்வு தொடங்கியது. சோழர்களின் பழைய தலைநகர், பருத்தித் துணிக்குப் பேர்போன இடம். ரோமானிய ஜாடி கிடைக்க எல்லா நியாயமும் இருந்தது. ஒரு குழி என் பொறுப்பு. சதுரமாக, நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிக்கொண்டே கீழே போவோம். மேலே இருந்து பார்க்கும்போது அழகாக இருக்கும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் தெரியும். இறங்குவதற்கு மூங்கில் ஏணி. இறங்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். யாரிடமும் சொல்வதில்லை. அந்த இடத்தில் அதிகாரி என்று நின்ற ஒரே பெண் நான்; பயமாக இருக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அது வேறு ஒரு பயம்.

ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. செல்வராணி அக்கா. என் குழியில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். சமயபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் மேடம் என்பார். ஒருநாள் ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கும் பயமா வருது. கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க." நான் சிரித்த மாதிரி நின்றேன். "வேணாம் மேடம், முன்னாடி இருந்ததே தேவல" என்றார். அதற்குப் பிறகு நான் இறங்கி முடிக்கும்வரை ஏணியின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கமானது.

அந்த அகழாய்வுப் பருவம் முடியப்போகிற நேரத்தில்தான் கைப்பிடி தெரிந்தது. குழியின் அடிப்பக்கம், வடக்குச் சுவருக்குள்ளிருந்து ஜாடியின் காது ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் குனிந்து எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். மிளகுத்தூள். எரிமலை ஊர் மண் எங்கள் உறையூரில்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் பார்த்து கோடை மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் வந்து பார்த்தபோது குழிக்குள் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் ஈர மணல் வாசனை மேலே வரைக்கும் வந்தது. வடக்கு விளிம்பில் நெடுக மயிரிழை போல ஒரு விரிசல். செல்வராணி அக்காவிடம் கோலமாவு வாங்கி வரச் சொல்லி, விரிசலுக்குக் குறுக்கே கோடு கோடாகப் போட்டு வைத்தேன். மண் நகர்ந்தால் கோடு பிரிந்துவிடும் அல்லவா? அன்று யாரையும் இறங்கவிடவில்லை. அடுத்த நாள் காலையில் கோடுகள் அப்படியே இருந்தன.

எங்கள் அகழாய்வுத் தலைவர் வந்து பார்த்தார். நல்ல படிப்பாளி, அவசரக்காரர். நாலைந்து நாளில் எல்லாவற்றையும் மூட வேண்டிய நெருக்கடி அவருக்கு.

"கோடு அப்படியேதானேம்மா இருக்கு? ஆள இறக்குங்க. அந்தக் கைப்பிடி இல்லாம நாம என்னன்னு எழுதுறது?"

"சார், சுவர் ஈரமா இருக்கு. மேலருந்து சரிவா வெட்டிக்கிட்டு வந்துரலாம்."

"அதுக்கு எங்க நேரம்? நீங்க பயந்தா வேலைக்காரங்களுக்கும் பயம் வந்துரும். வீரமா நில்லுங்க."

சுற்றி நின்ற எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவார்கள். அதுதான் என்னைக் கலங்கடித்தது. என் வாயால் ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு மேலே நிற்க முடியாது என்று தோன்றியது. வீரம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். இறங்குவதைவிட மேலே நின்று பார்ப்பது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "நானே இறங்குறேன் சார். வேற யாரும் வேணாம்" என்றேன். கோலமாவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி செல்வராணி அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

உள்ளே சத்தமே இல்லை. மேலே பேசுவது வேறு ஏதோ ஊரில் பேசுவது போலக் கேட்டது. மண்டியிட்டு, மூங்கில் குச்சியால் கைப்பிடியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கினேன். என் மூச்சு சுவரில் பட்டு என் முகத்திலேயே திரும்பி அடித்தது. கைப்பிடிக்குப் பின்னால் ஜாடியின் கழுத்தும் தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் அந்தக் குரல்.

"மேடம்! கோடு பிரியுது! மேல வாங்க, மேல வாங்க!"

ஒரு வீரர் என்றால் கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்திருப்பார். நான் குச்சியைப் போட்டுவிட்டு ஏணிக்குத் தாவினேன். பாதி ஏறியிருப்பேன். வடக்குச் சுவர் விழவில்லை, உட்கார்ந்தது. மாடு படுப்பது போல மெதுவாக, பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தபோது மார்புக்கு மேல்தான் நான் வெளியில் இருந்தேன். மற்றதெல்லாம் மண்ணுக்குள். ஏணியில் ஏறியிருந்த அந்தக் கொஞ்ச உயரம்தான் என் தலையை வெளியில் வைத்தது.

வலி தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. மூச்சை வெளியே விட்டால், விட்ட இடத்தை மண் பிடித்துக்கொண்டது. திரும்ப இழுக்க இடமில்லை. ஒவ்வொரு மூச்சும் முந்தினதைவிடச் சின்னதாக இருந்தது. கத்த வேண்டும் என்று நினைத்தேன். கத்தினால் காற்று போய்விடுமே என்று பயமாக இருந்தது. தலைவர் மேலே நின்று, "யாரும் எறங்காதீங்க, இன்னொரு பக்கமும் விழும்!" என்று கூவிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான். தெற்குச் சுவரும் ஈரமாகத்தான் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வராணி அக்கா இறங்கிவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிந்த மண்மேலேயே சறுக்கிக்கொண்டு வந்து, என் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையாலும் பறிக்க ஆரம்பித்தார். மண்வெட்டி போட்டால் என் மேல் பட்டுவிடும். பறித்த மண்ணை இரும்புச் சட்டியில் போட்டு மேலே கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"கண்ண மூடாதீங்க மேடம். ஏதாவது பேசுங்க."

"என்ன... பேச?"

"என்னத்தையாவது. சாமியக் கூப்பிடுங்க. மரியாவோ மாரியோ, யாரையாவது கூப்பிடுங்க."

ஜெபம் சொல்லத் தொடங்கினேன். அம்மா தினமும் சாயங்காலம் சொல்ல வைக்கும் ஜெபம், தூக்கத்தில் கேட்டாலும் வரும். முதல் வரியோடு நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"அப்புறம்?" என்றார் செல்வராணி அக்கா, பறிப்பதை நிறுத்தாமல். "அப்புறம் என்ன வரும் மேடம்?"

"தெரியல... மறந்துபோச்சு."

"பரவால்ல, மொதல்லருந்து சொல்லுங்க."

அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைவிட அவர் அதிகமாகப் பயந்துபோயிருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். அவர் தெற்குச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அது விழுந்தால் முதலில் அவர்மேல்தான். அவரும் அதைத் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இடுப்புவரை மண்ணைப் பறித்ததும், கயிற்றை என் கக்கத்தில் கட்டி, எல்லோருமாகச் சேர்ந்து மேலே இழுத்தார்கள். மேட்டின்மேல் என்னைப் படுக்க வைத்தபோது வானம் முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் செல்வராணி அக்கா உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகங்கள் பிய்ந்து ரத்தமாக இருந்தது. தெற்குச் சுவர் விழவே இல்லை.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, விலாவிலும் அடி. ஆஸ்பத்திரிக்குத் தலைவர் வந்தார். முதல் கேள்வி, "கைப்பிடிய போட்டோ எடுத்து வச்சிருந்தீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் விலா வலித்தது. பிறகு அவர் ஃபிளாஸ்கிலிருந்து ஹார்லிக்ஸ் ஊற்ற முயன்றபோது பாதி மேஜையில் கொட்டியது. "இனிமே நீங்க சொன்னா கேட்டுக்கிறேம்மா" என்றார். சொன்னபடி கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாதான் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்கும்படி புலம்பித் தீர்த்தார்: "பட்டறையில இரும்போட மல்லுக்கட்டுன மனுசனுக்கு ஒண்ணும் ஆகல. ஓட்டாஞ்சில்லு பொறுக்கப் போனவளுக்கு ஆகுது பாரு!"

எலும்பு கூடிவிட்டது. மற்றது கூடவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுக்க முடியாது. ஜன்னல் சாத்திய அறையில் உட்கார முடியாது. மலைக்கோட்டைக்கு உறவினர்களைக் கூட்டிப்போனபோது, பாறைக்குள் போகிற அந்தப் படிகளின் பாதியில் நின்று, "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கைப்பிடி உள்ளேயே கிடந்தது.

அடுத்த பருவத்தில் திரும்பப் போனேன். குழியை அகலமாக எடுத்து, கோயில் குளம் மாதிரி நாலு பக்கமும் படிபடியாக வெட்டிக்கொண்டு இறங்கினேன். மற்றவர்கள் ஒரு குழி முடிக்கிற நேரத்தில் நான் பாதிதான் முடிப்பேன். பக்கத்துக் குழிக்காரர்கள், "மேடத்தோட குழியில கல்யாண ஊர்வலமே எறங்கலாம்" என்று கேலி செய்தார்கள். படிக்கட்டு மேடம் என்ற பேர் அப்போது வந்தது. என்னைவிட ஆழம் போனவர்கள் உண்டு, அவர்களுக்குப் பெயரும் கிடைத்தது. என் குழியில் அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட வந்ததில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கைப்பிடியைக் கடைசியில் எடுத்தேன். என் சட்டையின் முதுகுப்பக்கத்தைச் செல்வராணி அக்கா கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார், மண் நகர்ந்தால் அப்படியே இழுத்துவிடத் தயாராக. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்காகவா மேடம்?" என்றார். "இதுக்காகத்தான்" என்றேன். "நல்ல கனமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். ஜாடியின் உட்பக்கம் கறுப்பாக ஏதோ பூசியிருந்தது, மது ஒழுகாமலிருக்க. அதில் ஒரு துளியை எங்கள் ஆய்வறையில் சூடான ஊசியால் தொட்டபோது லேசாகப் புகைந்தது. அப்பா அன்று என்னைப் பார்க்க வந்திருந்தார். மூக்கைக் கொண்டுவந்து, "திருநாள் அன்னைக்குக் கோயில்ல வர்ற வாசனை" என்றார். பைன் மரப் பிசின் அது. இன்னொரு முறை ஊசியை வைக்கச் சொல்லி, மறுபடியும் முகர்ந்து பார்த்தார்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்மாவும் இல்லை. தலைவரும் போய்விட்டார், சாவதற்குச் சில மாதம் முன்னால்கூட, சுவர் சரிவது இன்னமும் கனவில் வருகிறது என்று போனில் சொன்னார். மேட்டில் வேலை முடிந்த பிறகு செல்வராணி அக்கா மகனோடு திருப்பூருக்குப் போனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். ஒரு வருஷம் அந்த எண் வேறு யாருக்கோ போயிருந்தது. சமயபுரம் போய் அவர் இருந்த தெருவில் விசாரித்தேன். வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் நின்றது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

பால்கனியில் கத்தினேன் என்று சொன்னேனே, அதற்கு மறுநாள் ஆட்டோ பிடித்து உறையூர்ப் பக்கம் போனேன். அந்தக் குழி என்ன செய்தது என்று நான் சொன்னால், ஆமாம், நானும் பார்த்தேன் என்று சொல்ல இன்று ஓர் ஆள் இல்லை. இடமாவது இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. மேட்டைக் காணவில்லை. தட்டிச் சமமாக்கி, நாலு மாடிக்கு அடுக்ககம் எழுப்பியிருந்தார்கள். குழி இருந்திருக்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்தும் இடம், வழவழவென்று சிமெண்டு போட்டு மஞ்சள் கோடு கிழித்திருந்தது. வாசல் கேட் பக்கத்தில் தயங்கி நின்றேன். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"யாரப் பாக்கணுங்கம்மா?"

யாரையும் இல்லை, சும்மா வந்தேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"செல்வராணின்னு ஒருத்தங்க."

"எந்த பிளாட்டுங்க?"

"நம்பர் தெரியலீங்க."

அவர் நல்ல மனிதர். உள்ளே போய் இன்டர்காமில் ஒரு வீட்டுக்குப் பேசினார், இன்னொரு வீட்டுக்கும் பேசினார். நான் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றேன். அவர் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களேம்மா."